தமிழர்க்கு ஒரு மலையாள பாடநூல்

தனுவச்சபுரத்திலிருந்து சில மைல் சென்றால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லையில் பிறந்தோர்க்கு இருமொழியும் செவிக்குப் பழக்கம். தொலைவிலிருந்து புதிதாகப் பிழைக்க வரும் தமிழரையோ சொல்லொற்றுமையே இடறிவிடும். மருத்துவமனையில் ‘மருந்நு கழிச்சோ’ என்பார்கள். உட்கொண்டீரா என்பது பொருள். நம்மவர் செவியில் ‘நீக்கினீரா’ என்று விழும். அங்கே குடிநீரும் ‘வெள்ளம்’தான், ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு.

கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-இல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடநூல் ‘ஹமாரி மலையாளம்’, பிறமாநிலத் தொழிலாளர்க்கு இந்தி வழியே மலையாளம் கற்பிப்பது. பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் இந்தி பேசுவோர்க்கு இந்த மயக்கம் இல்லை. தெரியாத சொல்லை அகராதியில் தேடுவோம். தெரிந்ததாகத் தோன்றுவதைத் தேடமாட்டோம். இது மொழிபெயர்ப்பாளர் அன்றாடம் காண்பது. ஆதலின் தமிழர்க்கான நூலில் இத்தகைய சொற்களே முதற்பாடமாதல் வேண்டும். அவற்றுள்ளும் மருந்துச் சீட்டுக்குரியவை முன்னே நிற்கட்டும்.