செவிலியர் பட்டப்படிப்பும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மகளிர் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது சங்கத்துக் கூட்டங்களில் கல்வியைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று யாமும் பன்முறை இம்மேடையில் நின்று சொல்லியிருக்கின்றோம். நீங்களும் கைகொட்டி ஆமோதித்திருக்கின்றீர்கள். ஆயினும், முன்னரே படித்து, உத்தியோகத்தில் அமர்ந்து, மாதந்தோறும் சம்பளமும் கொண்டுவரும் ஒரு பெண், "இன்னும் இரண்டாண்டு படிக்க விரும்புகின்றேன்" என்று வந்து நின்றால் நாம் யாது விடை தருகின்றோம்? அவ்விஷயத்தைப் பற்றியே இன்று பேசப் புகுந்தோம்.

நிகழ்ந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகின்றோம். சில ஆண்டுகட்கு முன், நம்மவருள் ஒரு சகோதரி கல்வி நிதியிலிருந்து கடனுதவி வேண்டி விண்ணப்பம் அனுப்பினார். அவர் செவிலியர் டிப்ளமாப் பெற்று, ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டாண்டு ஊழியம் செய்தவர். பட்டப்படிப்பை முடிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். விண்ணப்பத்தைப் பரிசீலித்த கமிட்டியில் யாமும் இருந்தோம். "இவருக்குத்தான் வேலை இருக்கின்றதே; வேலையற்ற பிள்ளைகள் பலர் காத்திருக்கின்றனர்" என்றார் ஒருவர். "குழந்தைகள் இரண்டு உள்ளன, இனிப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்றார் மற்றொருவர். யாம் வாய் திறக்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அப்படிப்பு இன்னதென்று அன்று எம்மில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்போலத் தள்ளினோம். பின்னர் விசாரித்தறிந்தோம், அறிந்தபின் வெட்கமுற்றோம். அவ்வெட்கமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

இத்தொழிலின் வரலாற்றை முதற்கண் சிறிது நோக்குவோம். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-ஆம் ஆண்டிலேயே செவிலியரைப் பயிற்றும் ஏற்பாடு தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். செவிலியரும் மருத்துவச்சிகளும் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற சென்னை மாகாணச் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியத்துக்கெனப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. அதற்கடுத்த 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது.

இவ்வளவும் நடந்த காலத்தில் நம் வீடுகளில் நடந்த பேச்சு யாது? அந்நியர் உடம்பைத் தொடுவதும், மலசலம் எடுப்பதும், இரவில் வெளியிற் தங்குவதும் குலப்பெண்களுக்கு ஆகாதென்பதே. நோய் கண்டு படுத்தபோதோ, நாம் இழிவென்ற அக்கைகளையே நாடினோம். அக்கைகளும் நாம் எக்குலத்தவர் என்று கேளாமலே நமக்கு ஊழியம் செய்தன. இன்று நம் பெண்கள் இத்தொழிலிற் புகுந்துள்ளனர். வெளிநாடு சென்று பொருளீட்டுவோரும் உளர். இழிவென்ற பேச்சு மறைந்துவிட்டது. ஆனால் அதன் வேர் இன்னும் அறவில்லை என்றே எண்ணுகின்றோம். "நர்சு வேலைக்கு இதற்குமேல் படிப்பு எதற்கு?" என்று கேட்கின்றோமே, அஃது அவ்வேரினின்று கிளைத்த கேள்வியே. வைத்தியர் ஒருவர் மேற்படிப்புக்குப் போனால் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.

இனி, அப்படிப்பு யாதெனச் சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியத்துக்கு வருவோர்க்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று நான்காண்டுப் பட்டம். மற்றொன்று மூன்றாண்டு டிப்ளமா. செலவு குறைவு, விரைவில் சம்பளம் என்பதால் நம் குடும்பங்களிற் பலர் டிப்ளமாவையே தேர்ந்தனர். அங்ஙனம் தேர்ந்தவர்க்குப் பட்டத்தின் வாயில் அடைபடலாகாது என்றே "போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங்" என்னும் இரண்டாண்டுப் படிப்பு ஏற்பட்டது. இவ்வகைப் படிப்பு நம் நாட்டில் முதன்முதலாகத் திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கிற்று. நம் மாநிலத்தில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகின்றது. மாநிலக் கவுன்சிலில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பெயர் பதிந்தவரே இதிற் சேரலாம்.

முதலாண்டில் செவிலிய அடிப்படை, உணவியல், உயிர்வேதியியல், உளவியல், நுண்ணுயிரியல், தாய்மைச் செவிலியம், குழந்தை நலம், மருத்துவமும் அறுவையும் சார்ந்த செவிலியம், ஆங்கிலம் என்பன உள. இரண்டாமாண்டில் சமூகவியல், சமுதாய நலம், மனநலம், செவிலியக் கல்வி, செவிலிய நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் என்பன உள.

"இவற்றிற் பலவற்றை டிப்ளமாவிலேயே படித்தார்களே, மறுபடியும் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை இது: முன்னர்ப் படித்தது பெரும்பாலும் செய்யக் கற்றல், இப்போது படிப்பது காரணம் அறிதல். ஓர் உதாரணம் சொல்வோம். சர்க்கரை நோய் முற்றி, இரத்தத்தில் அமிலம் மிகுந்து, மயங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டு வருகின்றார்கள். வைத்தியர் இன்சுலின் செலுத்தச் சொல்கின்றார்; குறித்த நேரத்தில் இரத்தம் எடுத்துப் பொட்டாசியம் பார்க்கவும் சொல்கின்றார். செவிலி இரண்டையும் பிழையின்றிச் செய்கின்றார். ஆனால் பொட்டாசியத்தை எதற்காகப் பார்க்கச் சொன்னார்? இன்சுலின் வேலை செய்யும்போது, இரத்தத்திலுள்ள பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் புகுந்துவிடுகின்றது. இரத்தத்தில் அதன் அளவு தாழ்கின்றது. மிகத் தாழ்ந்தால் இருதயத்துடிப்பு நிலைகெடும். இக்காரணத்தை நன்கறிந்த செவிலி, குறித்த நேரம் வரும்வரை காத்திரார். துடிப்பில் மாறுதல் கண்டவுடன் வைத்தியரை அழைப்பார். நள்ளிரவு இரண்டு மணிக்கு, வைத்தியர் வேறோர் அறையில் இருக்கும் வேளையில், நம் தந்தையோ தாயோ அக்கட்டிலில் கிடப்பாராயின், அவ்வறிவின் விலை யாது? நீங்களே மதிப்பிடுங்கள்.

இனி இரண்டாமாண்டுப் பாடங்களுக்கு வருவோம். நிர்வாகத்துக்கு 60 மணி நேர வகுப்பும் 180 மணி நேரச் செயற்பயிற்சியும் பாடத்திட்டத்தில் விதிக்கப்பட்டுள்ளன. ஒரு வார்டுக்கு இத்தனை செவிலியர் என்று கணக்கிட்டு, எவர்க்கும் அநீதியின்றி வேலைமுறை அட்டவணை போடுவதும், மருந்தும் பண்டமும் தீர்ந்துபோகாமல் இருப்புப் பார்ப்பதும் இதில் அடங்கும். கல்வி என்னும் பாடத்தில் வகுப்பெடுக்கத் திட்டம் எழுதி, எடுத்தும் காட்டவேண்டும். நாளைக்குச் செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக நிற்பதற்கு இதுவே முதற்படி; எம்.எஸ்ஸி. படிப்புக்கும் இப்பட்டமே வாயில்.

ஆராய்ச்சியும் புள்ளியியலும் என்றவுடன் நம் சகோதரிகள் பலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. கிரிமியப் போருக்கு 1854-இல் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மாதரசி என்று மட்டுமே நாம் அறிவோம். அவர் கணக்கேந்தியவரும் ஆவார். இறந்த சிப்பாய்களிற் பெரும்பாலோர் காயத்தால் இறக்கவில்லை, தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தனர் என்பதை எண்ணிக் கணக்கிட்டு, 1858-இல் வண்ணப்படமாக வரைந்து அதிகாரிகள் முன் வைத்தார். இரக்கம் ஒரு வார்டை மாற்றும். கணக்கு சர்க்காரை மாற்றும். "எங்கள் வார்டில் படுக்கைப் புண் ஏன் மிகுகின்றது?" என்ற கேள்வியை எழுப்பி, எண்ணி, எழுதி, விடை காண ஒரு செவிலிக்குக் கற்பிப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நிற்க. படிக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில சொற்கள் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, சேருமுன் கல்லூரியை ஆராயுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதியும் மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் உண்டா என்று நீங்களே பாருங்கள். தரகர் சொல்லை நம்பாதீர்கள். "வகுப்புக்கு வரவேண்டா, பரீட்சைக்கு வந்தாற் போதும்" என்று அழைப்பவர் எவராயினும் அவ்விடத்தை விட்டு விலகுங்கள். பரீட்சை எழுத ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 80 வருகை வேண்டும். பட்டம் பெறுமுன் செயற்பயிற்சியில் நூற்றுக்கு நூறும் நிறைவு செய்தல் வேண்டும் என்பது விதி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியிலிருக்கும் செவிலியர்க்கென 1994-இல் இப்படிப்பைத் தொடங்கியபோதும், செயற்பயிற்சியை நேரில் நின்றே செய்யவேண்டுமென்று வைத்தது. நோயாளியைத் தொடாமல் செவிலியம் கற்க இயலாது.

இரண்டாவது, வேலையை விடுமுன் விடுப்புக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நோயாளிப் பராமரிப்புத் திட்டத்தை நீங்களே எழுதுங்கள். நோயாளியை நேரிற் கண்டு, குறைகளை ஆராய்ந்து, செய்யவேண்டுவதை வகுத்து, செய்து, பலன் கண்டதா என்று மறுபடி நோக்குவதே அத்திட்டம். முன்னவர் நோட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டென்று கேள்விப்படுகின்றோம். கட்டிலில் கிடப்பவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் வேறொருவர் ஆனால், அப்படிப்பு யாருக்காக? எட்டாண்டு அனுபவமுள்ள உங்களுக்குப் பிறர் நோட்டு வேண்டுவதில்லை. நீங்கள் கண்ட நோயாளிகளே உங்கள் புத்தகம்.

நான்காவது, ஆங்கிலத்தைக் கண்டு பின்வாங்காதீர்கள். பாடநூல்கள் அம்மொழியில் உள்ளமையால், சேர்வதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் படித்துவருதல் நலம்.

இனி, இல்லத்தாருக்கு ஒரு வார்த்தை. மருமகள் படிக்கும் இரண்டாண்டும் வீட்டில் சம்பளம் குறையும், வேலை கூடும். இதனை யாம் மறைக்க வரவில்லை. மாமியார் அடுப்பைப் பார்க்கவேண்டிவரும். கணவர் பிள்ளைகளின் பாடத்தையும் துணி துவைப்பதையும் பார்க்கவேண்டிவரும். "படிக்கட்டும், ஆனால் வீட்டு வேலை ஒன்றும் குறையக்கூடாது" என்று அனுமதி கொடுப்பது அனுமதியன்று. அது தோற்கட்டும் என்று வாழ்த்துவதற்கு ஒப்பாகும். நம் மகன் என்ஜினீயரிங் படித்த காலத்தில் அவன் சாப்பிட்ட தட்டையும் நாமே கழுவினோம். அதிற் பாதி சலுகை மருமகளுக்குத் தரலாகாதா?

முடிவாக, சங்கத்தின் கடமை. யாம் இக்கூட்டத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. கல்வி நிதி விதியில் "வேலையில் இல்லாதவர்க்கே" என்றுள்ள சொற்களை நீக்கவேண்டும். பணியினின்று படிக்கச் செல்லும் செவிலியர்க்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, பட்டம் பெற்று மீண்டும் வேலையில் அமர்ந்தபின் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்தச் செய்யவேண்டும். படித்து முடித்தோரின் பாடநூல்களைச் சங்கத்தில் சேகரித்து, அடுத்து வருவோர்க்கு இரவலாக வழங்கவேண்டும். இவை பெருஞ்செலவன்று. சம்பாதிக்கத் தெரிந்தவர்க்குக் கொடுத்த கடன் திரும்பி வருமென்பதைக் கொடுக்கல் வாங்கல் அறிந்த நம்மவர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

தொடக்கத்தில் சொன்ன சகோதரிக்கு, சென்ற மாதம் யாம் ஒரு கடிதம் எழுதினோம். அன்று செய்தது தவறென்று ஒப்புக்கொண்டு, இன்னும் படிக்க விருப்பமுண்டா என்று கேட்டிருந்தோம். பதில் வந்தது. மூத்த பிள்ளை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவதால், இனித் தாம் வேலையை விட்டுப் போவதற்கில்லை என்று எழுதியிருந்தார். கோபச்சொல் ஒன்றுகூட இல்லை. அதுவே எம்மை மிகவும் சுட்டது. கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார்: தம்முடன் வேலை செய்யும் நம்மவர் பெண்கள் இருவர் இப்படிப்புக்குப் போக எண்ணியிருக்கின்றனர், சங்கத்தின் விதி மாறிவிட்டதா என்று அவர்களுக்காகக் கேட்கின்றார்.

அன்பர்களே! அக்கடிதத்துக்கு யாம் இன்னும் பதில் எழுதவில்லை. இன்று மாலை இம்மன்றம் செய்யும் முடிவையே பதிலாக எழுதக் காத்திருக்கின்றோம். ஒரு பெண்ணுக்குக் காலம் தவறவிட்டோம். மற்றிருவர்க்கும் தவறவிடலாகாது என்று வேண்டுகின்றோம்.