குறியிடும் கை, அழிக்கும் கை



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக் கடைகளைத் தாண்டித்தான் நம்மில் பலர் இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு வந்தோம். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதில் கதிர்வீசும் தோரியம் உண்டு. கொல்லத்துக்கு வடக்கே சவறா, நீண்டகரைக் கரையிலும் அதே மணல். அதன்மேல்தான் தலைமுறை தலைமுறையாக மக்கள் மீன்பிடித்துப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். கதிர்வீச்சு டி.என்.ஏ.வை அறுக்கும். அப்படியானால் அவர்கள் உடலில் அறுபட்ட டி.என்.ஏ. அதிகமா?

எண்ணிப் பார்க்க 1998இல் வழி கிடைத்தது. டி.என்.ஏ.யின் இரு புரிகளும் அறுந்த சில நிமிடங்களில், பக்கத்திலுள்ள எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் பாஸ்பேட் வந்து ஒட்டுகிறது. ஒரே வெட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் ஒட்டுவதால் நுண்ணோக்கியில் அது புள்ளியாகத் தெரியும். எந்த மூட்டை எந்த லாரிக்கு என்று சாலைக் கடைத்தெருவில் மசியால் குறி போடுவார்களே, அதைப்போல. பழுது பார்க்கும் புரதங்கள் அந்தக் குறியைத் தேடி வருகின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் கடற்கரை மக்களின் வெள்ளை அணுக்களில் அந்தப் புள்ளிகளை எண்ணி 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: வெட்டுகள் கூடுதலாக இல்லை.

மனம் குளிரும் விடைதான். ஆனால் அதை அப்படியே மூளைக்கும் பொருத்திவிடாதீர்கள். வெள்ளை அணு அழிந்தால் இன்னொன்று பிறக்கும். நரம்புச் செல்லுக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் பிறந்தது முதல் இறுதிவரை அதே செல்தான்.

குறி போடும் நொதிகளில் முதன்மையானது ஏ.டி.எம். அதன் மரபணுவை 1995இல் இஸ்ரேலின் யோசெஃப் ஷிலோ குழு கண்டறிந்தது. அந்த மரபணுவின் இரு பிரதிகளும் கெட்ட குழந்தை நடை பழகும் வயதிலேயே தள்ளாடுகிறது. சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் மடிகின்றன. பள்ளிப் பருவம் முடிவதற்குள் பலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். பாஸ்பேட் ஒட்டும் ஒரு நொதியின் மதிப்பு இவ்வளவு.

போட்ட குறியை வேலை முடிந்ததும் அழிக்கவும் வேண்டும். அழிப்பவற்றுள் பி.பி.2ஏ முக்கியமானது. அது எச்2ஏஎக்ஸின் பாஸ்பேட்டை நீக்காவிட்டால் பழுது பார்ப்பதே தடைபடுகிறது என்று 2005இல் தீபாஞ்சன் சௌத்ரியும் ஜூடி லீபர்மனும் காட்டினார்கள். டௌ என்ற புரதத்தின் பாஸ்பேட்டை முக்கியமாக நீக்குவதும் இதுவே. அல்சைமர் நோயில் திரிந்து கிடப்பது பாஸ்பேட் மிகுந்த அந்த டௌதான்.

பி.பி.2ஏ நொதியின் ஒரு துணை அலகுக்கான மரபணு கோளாறுபட்டால் வரும் நோயை எஸ்.சி.ஏ.12 என்பார்கள். 1999இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் விவரிக்கப்பட்டது. 2001 முதல் இந்தியாவில், குறிப்பாக வடக்கே அகர்வால் சமூகத்தில், பல குடும்பங்களில் தெரியவந்தது. முதலில் கை நடுங்கும், பிறகு நடை தளரும். அந்த நடுக்கத்துக்கும் அறுபட்ட டி.என்.ஏ.வுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்னும் தீர்க்கப்படாத கேள்வி. அதை, பட்டம் பெறும் உங்களிடம் ஒப்படைக்கவே வந்தேன்.

இந்நகரத்து ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்கு மாநில எல்லைக்கு அப்பாலிருந்தும் நரம்பு நோயாளிகள் வருகிறார்கள். ஆய்வகத்தில் நுழையுமுன் அப்படியொரு புறநோயாளர் பிரிவில், மருத்துவரின் அனுமதியோடு, சில காலைப்பொழுதுகள் உட்காருங்கள். உங்களுக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். "பாட்டிக்குக் கை நடுங்கியதா? அவர் அண்ணனுக்கு?" என்று அவரவர் பேச்சில் கேட்டு, மூன்று தலைமுறையை எழுதிக்கொள்ளுங்கள்.