சந்தனமும் சாயமும்



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், அம்பத்தூர் நிலையத்தில் திருவள்ளூர் வண்டியின் மகளிர் பெட்டியில் ஏறி, உட்கார இடமின்றிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்த எனக்கு, ஜன்னலோரம் அமர்ந்திருந்த இரண்டு பெண்களின் சம்பாஷணை செவியில் விழுந்தது. இருவரும் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறவர்கள் என்பதைக் கழுத்தில் தொங்கிய அட்டையும், புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளும் காட்டின. "இந்த மாசம் டை வாங்கலைக்கா. பையனுக்கு ஃபீஸ் கட்டிட்டேன்" என்றாள் இளையவள், அவளுக்கு 43, 44 வயது இருக்கலாம். மூத்தவள் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்படியாவது வாங்கிடும்மா. நரை தெரிஞ்சா கை ஸ்லோ ஆயிடுச்சும்பாங்க. மிஷின்லேர்ந்து எழுப்பிப் பிசிறு வெட்டப் போட்டுடுவாங்க" என்றாள். வண்டி திருமுல்லைவாயிலில் நின்றது. இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

நடுவயதுப் பெண்களுக்கு அழகுக்கும் சரீர பராமரிப்புக்கும் ஆகிற செலவு ஏறிக்கொண்டே போவதைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஒப்புக்கொண்ட நாள் முதலாக, அந்த இரண்டு பெண்களின் முகமே என் நினைவில் நிற்கிறது. நம் குடும்பங்களில் இச்செலவுக்கு ஆடம்பரம் என்று பெயர். அரிசி, பருப்பு, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து என்று எல்லாம் போனபிறகு மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்படுகிற, மிச்சமில்லாவிட்டால் முதலில் வெட்டப்படுகிற செலவு அது. ஆனால் நரை தெரிந்தால் இயந்திரத்தை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிற ஒரு தையல்காரிக்கு, அந்தச் சாயப் பொட்டலம் எந்த நியாயத்தின்படி ஆடம்பரமாகும்? அது அவளுடைய ஜீவனத்துக்கான செலவு. ரயில் சீஸன் டிக்கெட்டைப் போல, வேலைக்குப் போய்வருவதற்காக அவள் மாதந்தோறும் கட்டுகிற கட்டணம்.

சென்னைக்கு மேற்கே உள்ள இந்த ஊர்களின் பெயர்களைச் சற்று நின்று கேட்டால் மலர் மணக்கும். பூந்தமல்லி என்று நாம் சுருக்கிச் சொல்வது பூவிருந்தவல்லி. ராமாநுஜர் காலத்தில் வாழ்ந்து, காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். திருமுல்லைவாயிலோ முல்லைக் கொடியினாலேயே பெயர் பெற்றது. தொண்டைமான் மன்னனுடைய யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிக்கொள்ள, அவன் வாளை உருவி வெட்ட, கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் அந்த வெட்டு விழுந்து இரத்தம் பெருகிற்று என்பது தலபுராணம். அக்காயம் ஆறும்பொருட்டு மாசிலாமணீசுவரருக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு சாத்தியிருப்பதும், சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டும் அதைக் களைந்து மீண்டும் சாத்துவதும் இன்றளவும் வழக்கம். அந்தச் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழும். சந்தனம் அலங்காரமாவதற்கு முன்னால் ஆறுதலாக இருந்திருக்கிறது. காயப்பட்ட சரீரத்தைக் குளிரச் செய்வதற்காகப் பூசியதுதான் பிற்பாடு அழகாயிற்று. அலங்காரம் வேறு, பராமரிப்பு வேறு என்று நம் முன்னோர்கள் கோடு கிழித்து வைக்கவில்லை.

இப்படிச் சொல்வதனால், அக்காலத்துப் பெண்கள் காசு செலவில்லாமல் அழகாக வாழ்ந்தார்கள் என்று நான் பெருமூச்சு விடப்போவதாக யாரும் எண்ணவேண்டாம். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பாசிப்பயறு இவற்றையெல்லாம் தனித்தனியே வாங்கி, மொட்டைமாடியில் காக்கை கொத்தாமல் காவல் இருந்து உலர்த்தி, சீயக்காய் அரைப்பதற்கென்றே இருக்கிற மாவு மில்லைத் தேடிப்போய் வரிசையில் நின்று அரைத்து, சலித்து, டப்பாவில் அடைத்து வைக்க என் தாயார் செலவிட்ட நாட்களுக்கு ஒருவரும் கூலி கொடுத்ததில்லை. ஆகையால் அது இலவசம் போலத் தோன்றிற்று. அதைவிடக் கொடியது வேறொன்று உண்டு. மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் வந்துவிட்டால், 40 வயதுப் பெண் இனிமேல் வண்ணப் புடவை உடுத்தவும் தலை நிறையப் பூ வைக்கவும் கூச்சப்படவேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. கணவனை இழந்தவளுக்கோ மஞ்சளும் பூவும் பொட்டும் அடியோடு மறுக்கப்பட்டன. அந்த வயதில் தன் முகத்தைக் கண்ணாடியில் ஆசையோடு பார்க்கிற உரிமை அன்று விலை கொடுத்தாலும் கிடைக்காத பொருளாயிருந்தது. இன்று 50 வயதில் ஒருத்தி பார்லருக்குப் போய் உட்காருகிறாள் என்றால், அதை நான் ஒரு விடுதலையாகவே காண்கிறேன். அந்த விடுதலைக்கு இத்தனை விலை வைத்திருக்கிறார்களே என்பதில்தான் எனக்கு ஆற்றாமை.

விலை எப்படி ஏறிற்று என்பதையும் பார்க்கவேண்டும். சுதந்திரம் பெற்ற புதிதில், அயல்நாட்டு அழகுப் பொருள்களுக்காக அந்நியச் செலாவணி வெளியே போவதைத் தடுக்கவென்று, 1952-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் லக்மேயைத் தொடங்கினார்கள். ஆயினும் அது வெகுகாலம் பட்டணத்து வசதியுள்ளவர்களின் மேஜையைத் தாண்டவில்லை. சாமானியப் பெண்ணின் குளியலறைக்குள் கடைப்பொருளைக் கொண்டுவந்தது நம்முடைய கடலூர்தான். சின்னி கிருஷ்ணன் என்ற அவ்வூர்க்காரர் சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் அடைத்து விற்கும் யுக்தியைக் கண்டார்; அவருடைய புதல்வர் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பொட்டலம், பணக்காரி தலைக்குப் போடுவதையே கூலிக்காரியும் போடலாம் என்று செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் அதே பொட்டலம், வீட்டில் உலர்த்தி அரைத்த பொடியை மறக்கச் செய்து, மாதாமாதம் கடையில் காசு கொடுக்கும் பழக்கத்தையும் நம் வீடுகளில் நிலைநிறுத்திற்று. பழக்கம் நிலைத்தபின் விலை ஏறினால், திரும்பிப் போக வழியில்லை.

இளம்பெண்ணுக்கு இந்தச் செலவு விருப்பம். நடுவயதுப் பெண்ணுக்கோ அது நிர்ப்பந்தம். சிவப்பழகு க்ரீமை 1975 முதல் இளம்பெண்களிடம் விற்றவர்கள், கறுப்பு என்றால் குறை என்ற அச்சத்தைக் கூடவே விற்றார்கள். 2020-இல் அதன் பெயரிலிருந்து சிவப்பு என்று பொருள்படும் சொல்லை எடுத்தார்கள். இப்போது அதே அலமாரியில், வயது என்றால் குறை என்ற அச்சம் அதைவிட அதிக விலைக்கு விற்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதைக் கேட்ட வியாபாரி உடனே கொலாஜன் க்ரீம் கொண்டுவருகிறான். அந்தப் புரதத்தின் மூலக்கூறு தோலைக் கடந்து உள்ளே போக முடியாத அளவு பெரியது என்பதை அவன் சொல்லுவதில்லை.

இந்த வட்டாரத்தின் சரித்திரத்தில் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்துவதுண்டு. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960-களிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பாடியிலும் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றில் சேர்ந்த ஆண்கள் நரைக்க நரைக்க சீனியாரிட்டி பெற்றார்கள், மரியாதை பெற்றார்கள், ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய நரைக்கு யாரும் அபராதம் விதித்ததில்லை. அவர்களுடைய பெண்களும் மருமகள்களும் பிற்காலத்தில் ஆடைக் கம்பெனிக்கும், துணிக்கடைக்கும், தனியார் பள்ளிக்கும், ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்கும் வேலைக்குப் போனபோது, அவர்கள் நுழைந்த உத்தியோகங்களில் முகமும் தலைமுடியும் தகுதியின் ஒரு பகுதியாகிவிட்டன.

அழகு நிலையம் நடத்துகிறவர்களைக் குறை சொல்லி இந்தப் பேச்சை நான் முடித்துவிட முடியாது. கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், வீட்டின் முன்னறையைத் தடுத்து, திரை போட்டு, "பெண்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டிய ஒரு பார்லராவது கண்ணில் படும். நடத்துகிறவளும் பெரும்பாலும் நடுவயதுக்காரியே. என் வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். நான் முதன்முதலில் அவரிடம் போனபோது 20 ரூபாயாக இருந்த ஐப்ரோ இன்று 60 ரூபாய். ஃபேஷியல் 800 ரூபாயில் தொடங்குகிறது. டை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் அடித்துவிடுவதற்கு 150. மெயின் ரோட்டிலுள்ள குளிர்சாதனக் கடைகளில் இவையெல்லாம் இரட்டிப்பு, சிலது மும்மடங்கு. கைக்கு 12,000 ரூபாய் வருகிற ஒருத்திக்கு, இந்தத் தெருப் பார்லரின் விலையும் பாரமே.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஷாம்பூவுக்கும் தலை எண்ணெய்க்கும் முகப் பவுடருக்கும் அவ்வாறே 5 சதவீதமாயிற்று. நல்ல காரியம், அதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் அந்த வரிக்குள்ளேயே வராதவர்களாகையால், திரை போட்ட முன்னறைப் பார்லரில் குறைப்பதற்கு வரியே இருக்கவில்லை. தலைச்சாயத்துக்கும் ஃபேஷியல் க்ரீமுக்கும் 18 சதவீதம் அப்படியே நிற்க, அவற்றைக் கடையில் வாங்கும்போது பார்லர் நடத்துகிறவள் வரியைக் கட்டிவிடுகிறாள். திரும்பப் பெற வழியில்லை. ஆகவே சலுகை மெயின் ரோட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. தையல்காரி ஏறுகிற படிக்கட்டுக்கு வரவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்வேன்: குங்குமத்துக்கும் பொட்டுக்கும் வரி இல்லை; அவை பெண்ணின் அத்தியாவசியம் என்று அரசாங்கம் எண்ணியது போலும். சாதாரணத் தலைச்சாயமும் இன்று உழைக்கும் பெண்ணின் அத்தியாவசியமே அல்லவா?

விலை ஏறும்போது மலிவைத் தேடிப் போவது மனித இயல்பு. அதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 2023-இல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில், லேபிளில் விவரமில்லாத வெளுப்பு க்ரீம்களைப் பூசி வந்தவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டது. க்ரீமில் இருந்த பாதரசமே அதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்ட பின்னும், "மங்குக்கு நல்லதாம்" என்று தெருவில் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, முன்னைவிடக் கறுக்கும். கறுப்புச் சாயத்தில் சேரும் பிபிடி என்ற ரசாயனமோ சிலருக்கு முகமெல்லாம் வீங்கச் செய்யும். பத்து முறை ஒத்துக்கொண்டது பதினோராவது முறை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒரு துளியை முழங்கையின் உட்புறம் தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

அந்த ரயில் பெட்டியில் இருந்த இளையவளுக்கு முடி கொட்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 53.4 சதவீதத்தினருக்கு, இரத்தசோகை. முடி உதிர்வதும் முகம் வெளிறுவதும் பலருக்கு அங்கேதான் தொடங்குகின்றன, சிலருக்குத் தைராய்டில். அதற்கு ஃபேஷியல் என்ன செய்யும்? அரசு ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்குக் காசில்லைதான். ஆனால் போய்வர அரை நாள் விடுப்பு வேண்டும், அரை நாள் சம்பளம் போகும். ஆதலால் இலவசமாகக் கிடைப்பதும் அவளுக்கு விலையுள்ளதாகவே இருக்கிறது. தலைக்கு மேலே தெரிவதற்கு மட்டும் எப்படியோ பணம் புரட்டப்படுகிறது, தோலுக்கு உள்ளே இருப்பது அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அலங்காரமும் ஆறுதலும் ஒன்றாயிருந்த சந்தனம் இங்கேதான் இரண்டாகப் பிளந்துபோயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி சுமாருக்கு, என் பக்கத்து வீட்டுப் பார்லரில் வெளிச்சம் இருந்ததைக் கண்டு எட்டிப் பார்த்தேன். கடைசியாக வந்த பெண் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் குடுங்கக்கா, ஓடிப்போவாது" என்று சொல்லி, பழைய நோட்டு ஒன்றில் அவள் பெயருக்கு நேரே 150 என்று எழுதிக்கொண்டார் நடத்துகிறவர். அந்தப் பக்கத்தில் அப்படி எழுதிய பெயர்கள் மேலிருந்து கீழ்வரை இருந்தன. பிறகு நாற்காலியைத் துடைத்து, துண்டுகளை வாளியில் நனைத்து, திரையை இழுத்துவிட்டார். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சாயம் மிஞ்சியிருந்தது. கலந்த சாயத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. அவர் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, வகிட்டை விரலால் பிரித்து, அந்த மிச்சத்தைத் தம்முடைய நரையின்மேல் மெல்லத் தடவிக்கொள்ளத் தொடங்கினார்.