முத்திரைக்கு மறுமொழி இல்லை

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



விதைநெல் வாங்கச் செல்லும் கமக்காரர் சாக்கின்மேல் எழுதியிருப்பதை நம்பிக் காசு கொடுப்பதில்லை. ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்க்கின்றார். மணி எது, பதர் எது என்று கண்ட பின்னரே விலை பேசுகின்றார். நெல்லுக்குக் காட்டும் இந்நிதானத்தை மனிதருக்கும் அவர்தம் கொள்கைக்கும் நாம் காட்டுகின்றோமா?

சமயத்தை முதலில் நோக்குவோம். 1867 ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்னும் பெயருடன் அச்சேறின. தேவார திருவாசகங்களுக்குரிய சிறப்பைத் தம் காலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு வழங்குதல் தகுமா என்று நல்லூர் ஆறுமுக நாவலர் வினவினார். ஆராய்தற்குரிய வினாவே அது. ஆயின் நடந்தது யாது? ‘மருட்பா’ என்றனர் ஒரு சாரார். வசைக்கு வசை தொடுத்தனர் மறு சாரார். 1869 இல் பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறிற்று. அடிகளார் 1874 இலும் நாவலர் 1879 இலும் மறைந்தனர், சண்டை மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும், மறைமலை அடிகள், இஸ்லாமியப் புலவராகிய செய்குத்தம்பிப் பாவலர் முதலியோர் மறுபுறமுமாக அது மீண்டும் மூண்டது. வண்ணார்பண்ணையிலே சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டவர் நாவலர். வடலூரிலே பசித்தோருக்குத் தருமசாலை கண்டவர் அடிகளார். இவ்விரு பெரியோரின் தொண்டை அறியாதவருங்கூட அவர்கள் பெயரால் எழுந்த ஏச்சுப் பேச்சை அறிந்திருக்கின்றனர். வினா மறைந்தது, வசை நின்றது.

இனி அரசியல். 1957 யூலை 26 ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் உருவாயிற்று. பிரதேச சபைகள், தமிழ்மொழி நிர்வாகம், குடியேற்றம் ஆகியவற்றுக்கு அது வழி கூறிற்று. அவ்வழி நன்றா தீதா என்று தெற்கிலே வாதித்திருக்கலாம். அதற்கு மாறாக, ‘சிங்கள இனத்தைக் காட்டிக்கொடுத்தனர்’ என்ற கூக்குரலே ஓங்கிற்று. 1958 ஏப்ரல் 9 ஆம் நாள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மறு மாதமே தமிழர் குருதி சிந்திற்று.

தெற்கை மட்டும் குறைகூறிவிட்டு நாம் எழுந்து செல்வோமாயின் அது நேர்மையாகாது. நம்மிடையே வழங்கிய முத்திரை ‘துரோகி’ என்பது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவின் அரசியலை ஏற்காதோர் பலர். 1970 தேர்தலிலே வாக்குச்சீட்டால் அவர் தோற்கடிக்கப்பட்டார். அதுவே முறையான தீர்ப்பு. அதன் பின்னும் மேடைகளில் அந்த ஒரு சொல் முழங்கிக்கொண்டேயிருந்தது. 1975 யூலை 27 ஆம் நாள் பொன்னாலைக் கோயில் வாயிலிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1989 யூலை 13 ஆம் நாள் கொழும்பிலே, பேச வந்தவர்களாலேயே அமிர்தலிங்கம் அவர்கள் தாம் தங்கியிருந்த இல்லத்தில் கொல்லப்பட்டார். அவருடைய கட்சி மேடைகளில் ஒரு காலத்தில் ஒலித்த அதே சொல்லே அவர்மீதும் ஒட்டப்பட்டிருந்தது. நாம் கைதட்டிய சொல் நம் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது.

“அங்ஙனமாயின் தவறு செய்தோரைக் கண்டிக்கலாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கண்டிக்கலாம். இங்கு வழக்கறிஞர்கள் இருக்கின்றார்கள்; அவர்களைக் கேளுங்கள். இன்னார், இன்ன நாளில், இன்ன செயல் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சான்று கேட்கலாம். எதிரி மறுமொழி கூறலாம். ஒருவேளை நாமே பிழை என்றும் தெளியலாம். முத்திரையோ சான்று தருவதில்லை. மறுமொழிக்கு இடம் விடுவதுமில்லை. “நான் துரோகியல்லேன்” என்று ஒருவர் எங்ஙனம் மெய்ப்பிப்பார்?

ஆதலின் அடுத்த முறை இம்மண்டபத்திலோ, சந்தையிலோ, கோயில் வீதியிலோ ஒருவருக்குப் பட்டம் சூட்டப்படும்போது நாம் ஒன்றே கேட்போம்: “அவர் செய்தது என்ன?” விடை வருமாயின் அதனை ஆராய்வோம். வராவிடின் கை தட்டாதிருப்போம். ஒரு பிடி நெல்லை ஊதிப் பார்க்கும் நேரந்தான் இதற்கும் வேண்டும். அந்நேரத்தைச் செலவிடாமையால் நாம் இழந்த உயிர்கள் போதும்.