சீட்டு உதிர்ந்த கண்ணாடித் தகடுகள்

நூறாண்டுகளுக்கு முன் செய்த நுண்நோக்கித் தகடு ஒன்று நம் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். ஊரும் பேரும் எழுதிய சீட்டு உதிர்ந்துவிட்டது. ஊர் தெரியாத தகட்டால் ஆராய்ச்சிக்குப் பயன் மிகக் குறைவு. ஆயினும் உள்ளே டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகள் சிதையாதிருக்கின்றன. அவை சிலிக்காவால் ஆனவை அன்றோ! ஓட்டின் வடிவத்தையும் புள்ளி வரிசைகளையும் காண்கிறோம். பத்து மைக்ரான் அகலத்தில் எத்தனை வரிகள் என எண்ணுகிறோம். ஓர் ஓட்டைக் கொண்டு முடிவு கட்டலாகாது. உடன் கிடக்கும் இனங்கள் அனைத்துமே சான்று. சீட்டு இருப்பினும் முழுதும் நம்புதற்கில்லை. பழைய பெயர்கள் பல பின்னர் மாறிவிட்டன.

இத்தகைய தகடுகளில் நியூசிலாந்தின் ஓமரு மண்ணில் கிடைத்தவை பெரும்புகழ் பெற்றவை. அம்மண்ணின் இனங்களை 1886-இல் குரோவ், ஸ்டர்ட் என்னும் இருவர் விவரிக்கத் தொடங்கினர். அவற்றை இனங்காண உதவும் பெருநூலொன்று, ஏராளமான படங்களுடன், 1989-இல் வெளிவந்தது. அதனை இயற்றியோர் நியூசிலாந்தினர் அல்லர். சென்னையில் பாசி ஆராய்ந்த டி. வி. தேசிகாச்சாரியும் ஸ்ரீலதாவும் ஆவர். அத்தேசிகாச்சாரியார், ஆந்திரத்தில் வாழும் நம்மவர் நன்கறிந்த சித்தூரிலும் திருப்பதியிலும் இளமைக் கல்வி பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்காரின் மாணாக்கர்.