வெயில் சுட்ட தோலும் நமைச்சலும்

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவது வழக்கம். யாமோ பள்ளியிறுதித் தேர்வோடு பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தின் சம்பளப் பட்டியலைத் திறந்தோம், இன்னும் மூடவில்லை. ஆகவே செயலாளர் அவர்கள் வந்து, "உமக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசும்" என்று கேட்டபோது பெரிதும் தயங்கினோம். எண்ணிப் பார்த்ததில், எமக்கு நன்கு தெரிந்தது சென்ற ஆவணியில் மூன்று இரவுகள் எம்மைக் கண்மூட விடாத ஒரு நமைச்சல்தான். நீங்கள் சிரிக்கிறீர்கள். முதல் நாள் எம் இல்லத்தாரும் இப்படித்தான் சிரித்தனர்.

நடந்தது இது. காட்பாடியிலிருந்து எம் தமக்கையார் தம் மகளுடனும் பேரக் குழந்தைகளுடனும் வந்திருந்தார்கள். பெரிய பேரனுக்கு ஐந்து வயது. திருமலையில் முடியிறக்க வேண்டுமென்று நெடுநாள் வேண்டுதல். அவனுக்குத் துணையாக யாமும் முடி கொடுத்தோம். தலைக்குச் சந்தனம் பூசி, நீராடி, நனைந்த மெல்லிய மல் துண்டைத் தோளிற் போட்டுக்கொண்டு தரிசனமும் நன்றாகவே முடித்தோம். வெளியே வரும்போது கூட்டம் எங்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. கைப்பேசிகளை முன்னரே ஒப்படைத்திருந்தோம்; அவற்றிற்கு உரிய சீட்டோ தமக்கையின் மருமகனிடம். "யாரேனும் பிரிந்துபோனால் புட்கரணிப் படியருகே நில்லுங்கள்" என்று புறப்படுமுன் சொன்னவரும் யாமே. ஆதலின் அங்கேயே நின்றோம். அவர்களோ, மாமா இலட்டு வாங்கத்தான் போயிருப்பார் என்று இலட்டுக் கவுண்டர் வாயிலில் நின்றார்கள். முற்பகல் பத்தரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை இரு தரப்பும் அசையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் எம் குடும்பத்தார்க்கு நிகர் எம் குடும்பத்தாரே.

பையனின் மொட்டைத் தலை வெயிலில் காயக் கண்டு தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் தலையிற் போர்த்தினோம். எம் தலையும் முதுகும் தோள்களும் வெறுமையாயின. அன்று வானம் மந்தாரம்; மலைக்காற்றுக் குளிர்ந்தது. வெயில் உறைக்கவே இல்லை. இங்கேதான் முதற் பிழை நேர்ந்தது. வெயிலின் வெப்பம் வேறு, தோலைச் சுடும் கதிர் வேறு என்பதை யாம் அன்றுவரை அறிந்திலோம்.

சூரிய ஒளியில் ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தோன்றாத கதிர்கள் உள. 1801ஆம் ஆண்டில் ரிட்டர் என்னும் செருமானிய அறிஞர், வெள்ளியுப்புத் தடவிய தாளை நிறமாலையின் ஊதா நிறத்துக்கு வெளியே வைத்து, அவ்விடத்தில்தான் அது விரைந்து கறுக்கின்றது எனக் கண்டார். அந்தப் புறஊதாக் கதிரே தோலைச் சுடுவது. அது சூடாக உறைப்பதில்லை. காற்றுக் குளிர்ந்தால் குறைவதுமில்லை. மெல்லிய மேகத்தின் ஊடே பெரும்பகுதி வந்துவிடும். மலை ஏற ஏறச் சற்று மிகும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும் என்பர். திருமலை சுமார் 850 மீட்டர் உயரமுடையது. மெல்லிய பருத்தித் துணி நனைந்தால் அக்கதிரை இன்னும் எளிதாக உள்ளே விடும் என்பதும் பின்னரே தெரிந்தது. அந்தத் துண்டு எம் தோளிலேயே இருந்திருந்தாலும் பெரிதாகக் காத்திராது.

இன்னொன்றும் உண்டு. நம்மூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இருமுறை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை. ஆகஸ்டு நடுவில், அதாவது ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் வேளையில், மறுமுறை. அக்கினி நட்சத்திரத்தைக் கண்டு அஞ்சுகிறோம், ஆவணியை நம்பிவிடுகிறோம். நண்பகலில் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தினும் குட்டையாக இருக்கும் வரையில் கதிர் கடுமையாகவே உள்ளது என்று கொள்ளலாம். இதற்குக் கருவியும் வேண்டா, கைப்பேசியும் வேண்டா.

அன்றிரவு தோளில் சிறிது காந்தல், அவ்வளவே. வெயில் சுட்ட தோல் உடனே சொல்லாது. சில மணி நேரம் கழித்துத்தான் எரியத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்தை எட்டும். வெள்ளையர் மேனியாயின் செக்கச் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். எம் போன்ற கருமேனியில் சிவப்புப் புலப்படாது. தொட்டால் அடுப்பருகே வைத்த பித்தளைச் செம்பு போல் சுடும், சட்டை பட்டால் வலிக்கும். கறுப்புத் தோலை வெயில் சுடாது என்பார் சொல்லை நம்பாதீர்கள். கருமை ஓரளவு காக்கும், முழுதும் காவாது.

இரண்டாம் நாள் மாலை அலுவலகத்தில், படிக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அது தொடங்கியது. தமிழில் இதற்கு மூன்று சொற்கள் உள: அரிப்பு, தினவு, நமைச்சல். சொறிந்தால் தீர்வது அரிப்பு. சொறியச் சொறிய இன்பம் தருவது தினவு. எமக்கு வந்தது இவ்விரண்டும் அன்று. தோலின்மேல் அன்றி, தோலுக்கும் தசைக்கும் இடையே எறும்புப் புற்றொன்று உடைந்தாற் போல இருந்தது. அடிமட்டத்தை முதுகுச் சட்டைக்குள் விட்டுத் தேய்த்தோம். தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுவரோரம் கரடி போல் முதுகை உராய்ந்தோம். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தனர். நள்ளிரவுக்கு மேல் எவரும் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் இயலாமல், படுக்கவும் இயலாமல், காலனிச் சாலையில் மேலும் கீழும் நடந்தோம். நாற்பது வயதைக் கடந்த ஆண்மகன் ஒருவன் அரிப்புக்காக அழுதான் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

பிறகு அறிந்தோம். வெயில் சுட்டவரில் மிகச் சிலர்க்கு, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, பெரும்பாலும் தோளிலும் மேல்முதுகிலும், இத்தகைய கொடிய நமைச்சல் எழுவதுண்டாம். பட்டவர்களே ஆங்கிலத்தில் அதற்கு 'நரக நமைச்சல்' என்று பொருள்படப் பெயரிட்டிருக்கின்றனர். பெயர் மிகையன்று. இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கிவிடும் என்பதை அன்றே எவரேனும் எமக்குச் சொல்லியிருந்தால், பாதித் துயரம் குறைந்திருக்கும். இது பைத்தியமும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று. முடி கொடுத்ததில் ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்று எம் தமக்கையார் மனம் வருந்தி, மீண்டும் ஒரு காசு முடிந்து வைத்தார்கள். அதனாலேயே இதைச் சொல்கிறோம்.

யாம் செய்த பிழைகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். ஊற்றும்போது தேவாமிர்தம், துவட்டி முடிப்பதற்குள் நூறு மடங்கு. தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவினோம். புதிதாகச் சுட்ட தோலில் பிசுக்கு எண்ணெய் சூட்டை உள்ளே அடைத்து வைத்தது. அடுத்த வீட்டு அம்மையார், தெலுங்கர், மிக நல்லவர். "துரதகா உந்தா?" என்று கேட்டு, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். அவர் அன்பிற் குறையில்லை. ஆனால் இதை எவரும் செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் அதுவே புதிதாகக் கொப்புளம் எழுப்பும். மாதக் கணக்கில் நீங்காத கருந்தழும்பையும் வைத்துவிடும்.

எம்மைக் கரையேற்றியவர், நம் காலனியிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா ஒருவர். பெயர் சொல்ல வேண்டாமென்று கட்டளை. வந்ததும், "தம்பி, முதலில் முதுகிலிருந்து கையை எடு" என்றார். கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை முதுகில் போர்த்தச் சொன்னார். காய்ந்தால் மீண்டும் நனைப்பது. பனிக்கட்டி கூடாது, அதுவும் தோலைப் புண்ணாக்கும். காலமைன் நீர்மம் தடவினார். சோற்றுக் கற்றாழையின் உட்சோற்றை நன்கு கழுவி, முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தடவிப் பார்த்து, எரியவில்லை என்று தெரிந்த பின்னரே மற்ற இடத்தில் தடவினார். அரிப்பை அடக்கும் மாத்திரை தூக்கத்துக்கு உதவியது. ஆனால் இந்த நமைச்சலை அது முழுதும் அடக்கவில்லை, பலர்க்கு அடக்குவதில்லையாம். மறுநாள் மருத்துவரைக் கண்டோம். அவர் ஸ்டீராய்டு களிம்பு ஒன்றைச் சில நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். கடையில் நாமே கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசும் களிம்பு அன்று அது. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் அக்கா விலக்கினார். சிலருக்கு அவையே ஒவ்வாமையைத் தரும். நிறைய நீர் பருகினோம். ஐந்தாம் நாள் தோல் வெங்காயச் சருகு போல் உரிந்தது. உரிவதைப் பிடுங்கவில்லை.

பெரிய கொப்புளங்கள், காய்ச்சல், வாந்தி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியத்துக்கு இடமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்க. இங்கே 'வடதெப்ப' என்று அஞ்சப்படும் வெப்பத்தாக்கு உயிரைக் கொள்வது.

எல்லா அரிப்பும் வெயிலால் வந்ததன்று என்பதையும் இடையே சொல்ல வேண்டும். எம் மைத்துனர் சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குக் காய் ஏற்றும் இடத்தில் கணக்கர். ஆனி, ஆடியில் அங்கே வண்டி வண்டியாகக் கிளிமூக்கு மாங்காய், அவர்கள் சொல்லும் தோதாபுரி, வந்து குவியும். காம்பை முறித்த இடத்தில் பீச்சும் பால் கையிலும் கன்னத்திலும் பட்டுக் கொப்புளித்து அரிப்பதை, வெயில் கடுப்பு என்றே பலர் எண்ணியிருந்தனராம். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பத்து மரங்கள். சேராங்கொட்டையின் குணம் நாம் அறிந்ததே. பால் பட்டவுடன் சோப்பிட்டு நீரால் கழுவுவதே முதல் மருந்து. நம் வீட்டுப் பிள்ளைகள் ஊறுகாய்க்கு மாங்காய் பறிக்கும் நாளில் இதை நினைவிற் கொள்க.

இனி, யாம் இந்த மேடையில் ஏறியதற்கு உண்மைக் காரணம் வேறொன்று. எம் முதுகின் கதை காலனியெங்கும் பரவி, ஒரு வாரம் எல்லோரும் நலம் விசாரித்தனர். பாகாலைத் தடத்தில் பணிபுரியும் இருப்புப்பாதைக் காவலர் ஒருவரும் வந்தார். நம் தமிழர்தாம், திருத்தணிப் பக்கத்தவர். திண்ணையில் அமர்ந்து, "ஐயா, நீங்கள் மூன்று மணி நேரம் நின்றீர்கள். நாங்கள் நாள்தோறும் சல்லிக் கல்மேல் நடக்கிறோம். எனக்குப் புறங்கையும் பிடரியும் இரண்டு ஆண்டாக அரிக்கின்றன. சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் சொல்வதில்லை" என்றார். கையைக் காட்டினார். சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

எமக்கு அன்று வெட்கமாய் இருந்தது. அவருடைய சம்பளப் பட்டியலை மாதந்தோறும் எழுதுபவர் யாம். அந்தக் கையை அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்காவிடம் அழைத்துச் சென்றோம். அவர் கையைப் பார்க்குமுன், "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மருந்து கலந்த மாத்திரை. ஏறத்தாழ அதே இரண்டு ஆண்டாக. அவ்வகை மாத்திரைகளில் சிலவும், டாக்ஸிசைக்ளின் போன்ற சில கிருமிக்கொல்லிகளும், தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். "நீயாக நிறுத்திவிடாதே, இரத்த அழுத்தம் ஏறினால் அரிப்பைவிடப் பெரிய கேடு" என்று கண்டித்து, சீட்டில் எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். முழுக்கைச் சட்டையும், பிடரி வரை தொங்கும் துணி வைத்த தொப்பியும் கட்டாயம் என்றார். மூன்று மாதத்தில் கை பெருமளவு தேறிவிட்டது. அவர் இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அனுமதி பெற்றே சொன்னோம்.

பாதையில் வேலை செய்வோர், வயலில் நிற்போர், வண்டி இழுப்போர் ஆகியோருக்கு நண்பகலில் வீட்டுக்குள் இருங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. அவர்களால் இயலாது. நெருக்கமாக நெய்த கருந்துணி முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, முடிந்தால் வெயிற் களிம்பு; இவை இயலும். களிம்பு வாங்குவோர் கையிற் சிறிதெடுத்து நெற்றியில் தொட்டுக்கொள்வது போதாது. தாராளமாகப் பூசி, வேர்த்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். விலையைப் பார்த்தால் எமக்கும் மனம் வருவதில்லை. குடை மலிவு. குடை பிடித்தால் ஆண்மை குறையும் என்று நம் இளைஞர் எண்ணுவது ஏன் என்று விளங்கவில்லை. நம் பாட்டன்மார் குடையின்றித் தெருவில் இறங்கியதில்லை.

மொட்டையடித்த தலையைப் பற்றி ஒரு சொல். பல மாதம் மயிர் மூடியிருந்த தோல் அது, வெயிலையே அறியாதது. சந்தனம் குளிர்ச்சி தரும், கதிரைத் தடுக்காது. குழந்தைகளின் தலை இன்னும் மென்மையானது.

அடுத்த மாதம் நம் காலனியிலிருந்து நான்கு குடும்பத்தார் குழந்தைகளுக்கு முடியிறக்கத் திருமலை செல்கின்றனர் என்று அறிகிறோம். எம் இல்லத்தாரும் அக்காவும் சேர்ந்து, காதையும் பிடரியையும் மூடும்படி பருத்தித் துணியில் பதினொரு தொப்பிகள் தைத்து வைத்திருக்கிறார்கள். அளவு சிறிதும் பெரிதுமாக உள்ளன. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளுங்கள். துவைத்துத் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு ஆகும். பிரிந்துபோனால் எங்கே நிற்பது என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். நிழலுள்ள இடமாகப் பார்த்து.