வாசலில் நித்தியகல்யாணி

(தோட்ட மண்டபத்தில் ஆற்றிய உரை)



வீட்டின் முன் சிறிதளவு மண் இருந்தாலும் அதில் ஒரு பூச்செடி நிற்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். வெயிலுக்கு அஞ்சாது ஆண்டு முழுவதும் பூப்பது நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவிலிருந்து பரவிய இச்செடியை மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பர்.

பால்மர நிழல் இதற்கு ஆகாது. நல்ல வெயில் விழும் இடமே ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே, அரையடி உயரத்திற்குப் பாத்தியை மேடாக்கி, மண்ணில் மணல் கலந்துகொள்வோம். முற்றிய காய்களை வெடிக்குமுன் பறித்து உலர்த்தினால் விதை கிடைக்கும். விதை இருளில்தான் நன்கு முளைக்கும். கால் அங்குல மண்ணால் மூடவேண்டும். நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். உரம் மிகுந்தால் இலை மிகும், பூ குறையும்.

கிள்ளும்போது பால் வடிவதைக் காண்பீர்கள். இச்செடி முழுவதும் நஞ்சுடையது. இதையே இன்று வலியுறுத்த விரும்புகிறோம்.

இதன் இலையை மென்றால் இனிப்புநீர் தீரும் என நம்பி, மாத்திரையை நிறுத்திவிடுவோர் உளர். அவ்வாறு நிறுத்தி, கால்புண் ஆறாமல், மரம் வெட்டப் போக இயலாது தவித்த ஒருவரை நாம் ஒரு தோட்டத்தில் கண்டோம்.

இந்நம்பிக்கை ஜமாய்க்காவிலும் இருந்தது. அங்கிருந்து 1952-இல் கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை ராபர்ட் நோபிள் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்தார். இலைச்சாற்றை உட்கொண்ட எலிகளுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழி செலுத்தியபோதோ, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்து, எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. இதிலிருந்தே 1958-இல் அவரும் சார்ல்ஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைக் கண்டறிந்தனர். இதே செடியின் மற்றொரு மருந்தான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பயன்படுகிறது. அவை பிரித்தெடுத்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றப்படுபவை. இலையை மெல்பவருக்கு அளவு ஏது, கண்காணிப்பு ஏது?

ஆதலால், செடியை வளர்ப்போம். இலையை வாயில் வைக்க வேண்டா. குழந்தைகளும் ஆடுகளும் அணுகாதவாறு வேலியிடுவோம். கிள்ளிய பின் கைகளைக் கழுவுவோம். இனிப்புநீர் உள்ளவர்கள் மாத்திரையை நிறுத்தாது, ஐயம் எழுந்தால் மருத்துவரையே கேட்பார்களாக.

நித்தியகல்யாணி வாசலுக்கு அழகு. அந்த அழகு நமக்குப் போதும்.